கழித்தது போக

ஞாயிறு காலை
ரோஸ் ஹில்லில் எல்லோரும் தால் பூரிக்கு வரிசையில் நிற்கையில்
நான் மொட்டைமாடியில் முட்டிபோட்டுப் பெருக்குகிறேன்.
கொட்டுவதற்கு அல்ல,
வைத்துக்கொள்வதற்கு.

"கி தோ பெ ஃபேர்?"
எதிர்மாடியில் துணி காயப்போடும் மாரி-ஜோசே கேட்கிறாள்.
விண்கல் தேடுகிறேன் என்றேன், முதல் வருடம்.
இப்போதெல்லாம்
தண்ணீர்க்குழாய் அடைத்துக்கொண்டது என்கிறேன்.

பாலைவனத்தில் தேடுகிறவர்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன்.
வெளிறிய மணல், நடுவே ஒரு கறுப்புக் கல்,
ஜீப்பை விட்டுக் குதித்து ஓடுகிறார்கள்.
இங்கே எந்தக் கல் கறுப்பில்லை?
எரிமலை கக்கிப்போட்ட தீவு.
கரும்புக்கு நடுவே குவித்த கல் கறுப்பு,
கோயில் மதில் கறுப்பு,
காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால்
பாதி மொரீஷியஸ் கூடவே வரும்.

அதனால்தான் இந்த சிமெண்டுத் தளம்.
கல்லாக ஒன்று இதன்மேல் விழ
எத்தனை தலைமுறை காத்திருப்பது?
பொடியாக விழுவது உண்டு.
உப்புப் பரலைவிடச் சின்னது,
எரிந்து, உருகி, உருண்டு,
யாரையும் எழுப்பாமல் வந்து உட்காரும்.

உடைந்த ஒலிபெருக்கியின் காந்தம், பிளாஸ்டிக் பைக்குள்.
சல்லடை இரண்டு.
(மாவுச் சல்லடையை வீட்டில் இன்னும் தேடுகிறார்கள்.)
ஆய்வகம் கழித்துப்போட்ட நுண்ணோக்கி,
அதற்கு ஒரு கண் மங்கல்.
பகலெல்லாம் இதன் தங்கையில்
ஊரார் ரத்தம் எண்ணுகிறேன்.

முதல் உருண்டை கிடைத்த இரவு தூங்கவில்லை.
கறுத்து, மினுங்கி, கண்ணாடிபோல்.
அடுத்த வாரம் பதினேழு.
அதற்கடுத்து அறுபது.
அறுபது வந்ததும் சந்தேகமும் வந்தது.

தெருமுனையில் கிஸ்தனின் பட்டறை.
ஜன்னல் கம்பி, கேட், படிக்கட்டுக் கைப்பிடி.
அவன் வெல்டிங் வைத்தால்
காற்று எங்கள் மாடியைத்தான் தேடி வரும்.
மூன்று வருடமாய் நான் டப்பா டப்பாவாய் அடைத்த வானம்
அங்கிருந்து ஏறி வந்தது.

சண்டை போடத்தான் போனேன்.
முகமூடியைத் தூக்கிவிட்டு டப்பாவைக் குலுக்கிப் பார்த்தான்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
தரையைக் கூட்டி
சோடா மூடியில் அள்ளிக் கொடுத்தான்:
"இது வெல்டிங். இது கிரைண்டர். இது கட்டிங்.
இதுபோல இல்லாதது எதுவோ
அது உங்களது."

அன்று முதல் நான் தேடுவதில்லை.
கழிக்கிறேன்.
மெட்ரோ ரயில் பிரேக்கின் தூள்,
ஆலைச் சாம்பல்,
எரிமலை மண்,
தீபாவளி மத்தாப்பு,
பிறகு கிஸ்தன், கிஸ்தன், கிஸ்தன்.

ஜூலையில் ஒன்று மிஞ்சியது.
மினுக்கமே இல்லை.
சாம்பல் நிறம், மேலெல்லாம் பாய் பின்னியதுபோல் வரி,
ஓரத்தில் ஒரு இரும்பு மொட்டு.

கிஸ்தனைக் கூப்பிட்டேன்.
கைகழுவிவிட்டு மாடியேறி வந்தான்.
நல்ல கண்ணில் வெகுநேரம் பார்த்தான்.
"வெல்டு சுத்தமில்லை" என்றான்.
பிறகு, "இது எங்கள் வேலை இல்லை."
பிறகு, "விலை போகுமா?"
போகாது.
"எங்கே வைப்பீர்கள்?"
நகப்பூச்சின் ஒரு சொட்டில் ஒட்டி
தேதி எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன்.
மூச்சை அடக்கிக்கொண்டே பார்த்தான்,
தும்மினால் பறந்துவிடும் என்பதுபோல்.

இறங்கும்போது படியில் நின்று சொன்னான்:
வேண்டுமானால் சனிக்கிழமைகளில் பட்டறையை மூடிவிடுகிறேன்.
வேண்டாம் கிஸ்தன், வையுங்கள்,
கழிப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்றேன்.

இன்று கோர் த கார்த் மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது.
மாரி-ஜோசே துணிகளை அவசரமாய் உருவுகிறாள்.
மழைக்குழாய்க்கு அடியில் வாளி வைத்தாயிற்று.
மாவுச் சல்லடையை
இந்த மழை முடிந்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும்.